சூடேறாத எஞ்சின்: கடலூர்க் கார் ஒன்றின் மைலேஜ் குறைவு பற்றிய நிகழ்வு ஆய்வு

டீச்சர் சாவியோடு ஒரு நோட்டையும் மேசைமேல் வைத்தார். எண்பது பக்கப் பள்ளி நோட்டு. அட்டை நைந்துபோய் செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. 2017-இல் கார் வாங்கிய நாளிலிருந்து பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர், எந்த ஊர்ப் பங்க் என்று நான்கு கட்டங்களில் எழுதியிருந்தார். ஐந்தாவது கட்டம் சிவப்பு மையில்: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் பழுது பார்க்கிறேன். மைலேஜ் குறைந்துவிட்டது என்று வராத வாரம் இல்லை. முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டால், "முன்பெல்லாம் நன்றாகக் கொடுத்தது" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். எட்டு ஆண்டுக் கணக்கை எழுத்தில் கொண்டுவந்து வைத்தவர் இந்த டீச்சர் ஒருவர்தான். இதை விரிவாக எழுத முடிவதே அந்த நோட்டினால்தான்.

"தம்பி, 17 கொடுத்த வண்டி 13 கொடுக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதனால்தான், ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் அதையே சொல்வதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்."

"நோட்டைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் டீச்சர். வண்டி இரண்டு நாள் என்னிடம் இருக்கட்டும்" என்றேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், கையால் கியர் போடும் சிறிய கார், புகை அளவுக்கான பி.எஸ். 4 விதி இருந்த காலத்தது. 2025 அக்டோபரில் என்னிடம் வந்தபோது 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீச்சர் வீடு பெண்ணையாற்றை ஒட்டிய ஒரு நகரில், பள்ளி புதுச்சேரியில். போக 22, வர 22 என்று மாதத்துக்கு ஏறத்தாழ 1,050 கிலோமீட்டர். 17.2 கொடுத்த காலத்தில் அதற்கு 61 லிட்டர் போதும். 13.1 கொடுத்தால் 80 லிட்டர் வேண்டும். மாதம் 19 லிட்டர் கூடுதல். லிட்டர் 96 ரூபாய் என்று வைத்தாலும் 1,800 ரூபாய்க்கு மேல். ஆசிரியர் சம்பளத்தில் அது சிறிய தொகை இல்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில் அவர் பதினோராயிரம் ரூபாய் செலவழித்திருந்தார். நான்கு பிளக்குகள், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம், த்ராட்டில் பாடி சுத்தம், கடைசியாகப் புது ஆக்சிஜன் சென்சார். நோட்டில் அந்த வாரம் 13.2, அடுத்த முறை 13.0. பணம் போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

மைலேஜ் குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அப்போது காற்று குறைந்தால் கலவை கெட்டியாகும், பெட்ரோல் வீணாகும். இன்றைய வண்டியில் உள்ளே போகும் காற்றைக் கணக்கிட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவை குறையும். மைலேஜ் அவ்வளவாகக் குறையாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட சோதனை அறிக்கையும் இதையே சொல்கிறது. ஆனாலும் நம் ஊரில் மைலேஜ் என்றதும் கை ஏர் ஃபில்டருக்குத்தான் போகிறது.

எத்தனால் எவ்வளவு குறைக்கும்?

டீச்சரின் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பெட்ரோலுடன் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2022-இல் எட்டியது. 2025-இல் அது 20 விழுக்காடாகிவிட்டது. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 32 மெகாஜூல். எத்தனாலில் 21 மெகாஜூல்தான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எத்தனால் கூடினால் மைலேஜ் குறையும் என்பது உண்மை. அதை மறைப்பதில் பயன் இல்லை.

கேள்வி, எவ்வளவு என்பது. 10 விழுக்காடு கலந்த லிட்டரில் 30.9 மெகாஜூல், 20 விழுக்காடு கலந்ததில் 29.8. வித்தியாசம் மூன்றரை விழுக்காடு சொச்சம். 17.2-இல் அதைக் கழித்தால் 16.6 வரவேண்டும். டீச்சரின் வண்டி கொடுப்பதோ 13.1. இழந்த 4.1 கிலோமீட்டரில் 0.6-ஐ எத்தனால் கணக்கில் எழுதலாம். மீதி 3.5-க்குக் காரணம் வண்டிக்குள் இருக்கிறது. எல்லாப் பழியையும் எத்தனால்மேல் போட்டுவிட்டால் அந்த 3.5-ஐ யாரும் தேடமாட்டார்கள். என்னை வருத்துவது அதுதான்.

பங்க்மேலும் ஒரு சந்தேகம் இருந்தது. கடலூர்க்காரர்கள் பலரைப் போல டீச்சரும் முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம்தான் பெட்ரோல் போடுவார்; அங்கே வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும். "விலை குறைவென்றால் சரக்கும் குறைவாகத்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வழிகளில் பார்த்தோம். எந்தப் பங்க்கிலும் ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. டீச்சர் போய்க் கேட்டார், பிடித்துக் காட்டினார்கள், அளவு சரியாக இருந்தது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கறை இல்லாமல் ஆவியாயிற்று. அதோடு, நோட்டில் ஆகஸ்டு மாதம் மூன்று முறை கடலூரிலேயே பெட்ரோல் போட்டிருந்தார். அப்போதும் 13.6, 13.5, 13.5. பங்க் குற்றமற்றது.

நோட்டில் இருந்த படிகள்

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து சிவப்பு எண்களை மட்டும் ஒரு வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். மைலேஜ் இரண்டு விதமாகக் குறையும். சரிவில் இறங்குவது போல மெல்ல மெல்லக் குறைந்தால் ஏதோ ஒன்று தேய்கிறது, துருப்பிடிக்கிறது, இறுகுகிறது என்று பொருள். மாடிப்படி இறங்குவது போல ஒரே நாளில் குறைந்து அங்கேயே நின்றால், அந்த நாளில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது.

2024 நவம்பர் வரை புள்ளிகள் 16.8-க்கும் 17.6-க்கும் இடையில் வரிசையாக நின்றன. டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு சரிவு: 16.9, 16.6, 16.3, 16.2. ஏப்ரல் நடுவில் ஒரு படி: 16.2 இருந்தது, அடுத்த முறையே 14.6. மே, ஜூன் மாதங்களில் அங்கேயே நின்று லேசாகச் சரிந்தது. ஜூலை இறுதியில் இன்னொரு சிறிய படி: 14.4 இருந்தது 13.9 ஆயிற்று. பிறகு அக்டோபர் வரை மீண்டும் சரிவு. கடைசிப் புள்ளி 13.1.

ஆக, ஒரு காரணம் இல்லை. இரண்டு படிகளும் ஒரு நீண்ட சரிவும் இருக்கின்றன. காலையில் டீச்சருக்குத் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டேன்.

"2024 டிசம்பரில் வண்டிக்கு என்ன ஆனது டீச்சர்?"

"தெரியாதா தம்பி? பெண்ணையாற்று வெள்ளம். இரண்டு நாள் வண்டி தண்ணீரில் நின்றது."

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மழை விட்ட பிறகு, மேற்கே பெய்த தண்ணீரும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்தன. கடலூரின் வடகரைப் பகுதிகளில் எத்தனை வீடுகள் மூழ்கின என்பதை இங்கிருக்கும் யாரும் மறக்கவில்லை. டீச்சர் வாசலில் தண்ணீர் சக்கரத்தின் நடுக்குடம் வரை நின்றது. உள்ளே புகவில்லை, எஞ்சினுக்கும் எட்டவில்லை என்பதால் கழுவித் துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்கிவிட்டார்.

"ஏப்ரல் நடுவில்?"

"அரியாங்குப்பத்தில் நெரிசலில் நின்றபோது சிவப்பு விளக்கு எரிந்து வண்டி கொதித்தது. வழியில் ஒரு பட்டறையில் ஹோஸ் மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு கொதிக்கவே இல்லை."

"ஜூலை இறுதியில்?"

"நான்கு டயரும் புதிது. சற்று அகலமானதாகப் போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள்."

மூன்று பதில்களிலும் வழக்கின் முக்கால் பாகம் இருந்தது. அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "சிக்னலில் நின்றால் ஏசி குளிர்வதில்லை, ஓடும்போது குளிர்கிறது." ஏசியில் கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து அதை ஓரமாக எழுதி வைத்தேன். அந்த வரியை நான் நடுவில் எழுதியிருக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சாலையில் பார்த்தது

காலை ஆறரை மணிக்கு, இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியில், அதன் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்தேன். எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் தண்ணீரின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ். ஆல்பேட்டை வழியாகப் பாலத்தைக் கடந்து, பெரியகங்கணாங்குப்பம், முள்ளோடை, கன்னியக்கோயில் வரை போய்த் திரும்பினேன். கூடவே வந்த உதவியாளர் ஒவ்வொரு நிமிடமும் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தார்.

ஒழுங்கான எஞ்சின் எட்டுப் பத்து நிமிடத்தில் 85 டிகிரியைத் தொட்டு, 85-க்கும் 95-க்கும் இடையில் நிலைத்துவிடும். இந்த வண்டி பன்னிரண்டாவது நிமிடத்தில் 71-ஐத் தொட்டது. சாலை திறந்து, 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியதும் வெப்பம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது: 69, 66, 64. லாரிக்குப் பின்னால் நின்றபோது 74, 78 என்று ஏறியது. மறுபடி ஓட, மறுபடி 64.

இந்த எண்கள் தெர்மோஸ்டாட் வால்வின் கையெழுத்து. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சிறிய வால்வுக்குள் ஒரு மெழுகுக் குப்பி உண்டு. தண்ணீர் 82 டிகிரி ஆகும்வரை மெழுகு கெட்டியாக இருக்கும், வால்வு மூடியிருக்கும், தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். பிறகு மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். வால்வு எப்போதும் திறந்தே கிடந்தால், வண்டி ஓடும்போது வரும் எதிர்காற்று ரேடியேட்டரில் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் என்றைக்கும் முழுச் சூட்டுக்கு வராது.

கடலூர் வெயிலில் எஞ்சின் சூடேறவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் எஞ்சின் கொதிப்பதற்குப் பயந்தே தொழில் கற்றவர்கள். என் குருவும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். குளிர்ந்த எஞ்சினைச் சந்தேகிக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த வகைச் சிறிய கார்களில் வெப்பமானி முள்ளும் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். வால்வு திறக்கும் சூட்டுக்கு வெகு முன்பே நீல விளக்கு அணைந்துவிடுகிறது. 64-இல் ஓடினாலும் 90-இல் ஓடினாலும் ஓட்டுநர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான்.

குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை மூன்று வழிகளில் வீணாக்குகிறது. சூடேறும் காலம் நீள்வதால், அந்தக் காலத்துக்கென்று கம்ப்யூட்டர் கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோல் கூடுகிறது. எஞ்சின் ஆயில் போதிய அளவு இளகாமல் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது. எரிந்து கிடைத்த வெப்பத்தில் கூடுதல் பங்கு பிஸ்டனைத் தள்ளாமல் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆயிலில் பெட்ரோல் கசிந்து கலப்பது தனித் தொல்லை. ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தேன், லேசாக வாடை இருந்தது.

ஸ்கேனரில் இன்னொன்றையும் பார்த்தேன். ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துக் கம்ப்யூட்டர் நீண்ட காலத்துக்கு எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதை அது விழுக்காட்டில் காட்டும். பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இங்கே வெறும் 2. இன்ஜெக்டரிலும் சென்சாரிலும் கோளாறு இல்லை என்று முன்பே தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும். அந்தப் பதினோராயிரத்தைத் தவிர்த்திருக்கலாம்.

மூடியைக் கழற்றியபோது

பழுதான வால்வை எதிர்பார்த்துத்தான் மூடியைக் கழற்றினேன். வால்வே இல்லை. உட்காரும் பள்ளத்தைச் சுற்றிப் பசை மட்டும் இருந்தது. யாரோ அதை எடுத்துப் போட்டுவிட்டு மூடியை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளிருந்து வந்த தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. துருப்பிடிக்காமல் காக்கும் கூலண்ட் திரவம் ஒரு சொட்டும் இல்லை, வெறும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கடலோர நிலத்தடி நீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பது இங்கே குழாய் பதிக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். வெறும் தண்ணீர் மலிவு என்று நினைக்கிறோம். அது ரேடியேட்டரைத் தின்று கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது.

கொதிக்கிற வண்டியில் வால்வை எடுத்துவிடுவது நம் பக்கம் ரொம்பக் காலமாக நடக்கிறது. எடுத்தவுடன் வண்டி கொதிப்பது நிற்கும், வாடிக்கையாளர் நிம்மதியாகப் போவார். செய்தவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நெரிசலில் தவித்து நின்ற ஒருவரை வீடு சேர்க்க நினைத்திருப்பார். ஆனால் எடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும். பில்லில் "ஹோஸ், கிளாம்ப்" என்று மட்டும் இருந்தது. சொல்லாமல் செய்யும் மருத்துவம் தப்பு.

புது வால்வு போட்டு, பழைய தண்ணீரை மூன்று முறை அலசி வெளியேற்றி, வடிநீருடன் சரிபாதி கலந்த கூலண்டை நிரப்பி, மறுநாள் காலை வண்டியைக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்ததில் 88 டிகிரியில் அசையாமல் நின்றது. பெரிய திருப்தி.

அன்று மாலை நான்கே முக்காலுக்கு டீச்சர் அழைத்தார். "தம்பி, முதலியார்பேட்டையில் நிற்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறது."

வண்டியை ஓரம் கட்டி அணைக்கச் சொல்லிவிட்டு இருசக்கர வாகனத்தில் போனேன். தவறு என்னுடையது. வால்வு இல்லாததால்தான் மைலேஜ் குறைந்தது என்று கண்டுபிடித்தவன், ஏப்ரலில் வண்டி ஏன் கொதித்தது என்று கேட்காமல் விட்டுவிட்டேன். நான் ஓட்டிப் பார்த்தது அதிகாலையில், திறந்த சாலையில், ஏசி இல்லாமல். டீச்சர் ஓட்டுவது மாலை நெரிசலில், ஏசியோடு.

எஞ்சின் சற்று ஆறியதும் ஏசியைப் போட்டு ரேடியேட்டர் ஃபேனைப் பார்த்தேன். சுழன்றது, ஆனால் இறக்கைகளை எண்ணிவிடலாம் போல மெதுவாகச் சுழன்றது. ஃபேன் நன்றாக இருந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தவுடன் அது இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். டீச்சர் பையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்துக் கொடுத்தார். தாள் ஒட்டவில்லை, நழுவி விழுந்தது.

ஃபேன் மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே காய்ந்த வண்டல் இருந்தது. பேரிங் துருவேறி இறுகியிருந்தது. பெண்ணையாற்று மண்.

இப்போது தொடர் முழுவதும் விளங்கியது. டிசம்பர் வெள்ளத்தில் ஃபேன் மோட்டாருக்குள் தண்ணீரும் மண்ணும் போயின. குளிர்காலம் முழுக்க அது தட்டுத் தடுமாறி ஓடியது. ஏப்ரல் வெயிலில், அரியாங்குப்பம் நெரிசலில், அதனால் முடியவில்லை, வண்டி கொதித்தது. ஃபேனைப் பார்க்காமல் வால்வை எடுத்தார்கள். வால்வு இல்லாததால், நோயாளியாகவே இருந்த ஃபேனுக்கு வேலை வரவில்லை, கொதிப்பு நின்றது. ஆனால் ஓடும்போது எஞ்சின் குளிர்ந்து பெட்ரோலைத் தின்றது. ஆறு மாதம் அந்த ஃபேனின் கோளாறு மறைந்தே கிடந்தது. "சிக்னலில் நின்றால் ஏசி குளிர்வதில்லை" என்று டீச்சர் சொன்னது இதைத்தான். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் அதே ஃபேனை நம்பித்தான் இருக்கிறது. காற்று போதாமல் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து கூடுதல் சக்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அதிலும் கொஞ்சம் பெட்ரோல்.

புது ஃபேன் மோட்டார் போட்டேன். இரண்டாம் முறை வேலைக்குக் கூலி வாங்கவில்லை, வாங்கியிருக்கவும் கூடாது.

இடது முன்சக்கரம்

ஏப்ரல் படிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சரிவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளத்தில் சக்கர நடுவரை நின்ற வண்டி என்றால் பிரேக்கைப் பார்க்காமல் விடக் கூடாது.

இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, கடைசி அரைக் கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் உருட்டியே பட்டறைக்குள் கொண்டுவந்து, வெப்பத் துப்பாக்கியால் நான்கு சக்கரங்களையும் அளந்தேன். பின்சக்கர டிரம்கள் 51, 53 டிகிரி. வலது முன் டிஸ்க் 72. இடது முன் டிஸ்க் 139. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் வலது சக்கரம் மூன்று சுற்றுப் போனது. இடது அரைச் சுற்றில் நின்றது.

பிரேக் பேடுகளை டிஸ்க்மேல் அழுத்தும் காலிப்பர், இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். கீழ்ப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துரு இருந்தது. ஒரு பேட் 7 மில்லிமீட்டர், அதன் ஜோடி 3 மில்லிமீட்டர். பத்து மாதமாக ஒரு கால் பிரேக்மேல் வைத்தபடி வண்டி ஓடியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். டீச்சருக்கு அது தெரிய வழியில்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, சத்தம் இல்லை. கடற்கரை ஊரில் வெள்ளம் இல்லாமலேயே உப்புக் காற்றில் இந்தப் பின்கள் இறுகும். வெள்ளம் அதை விரைவுபடுத்தியது.

பழுது பார்ப்பதற்கு முன்பும் பின்பும் ஒரு சோதனை செய்தேன். ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், விடியற்காலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரல் போட்டு, வேகம் 20-க்குக் குறையும்வரை வண்டி எவ்வளவு தூரம் உருளுகிறது என்று அளப்பது. காற்று ஒரு பக்கம் தள்ளும் என்பதால் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தேன். பழுது பார்ப்பதற்கு முன்பு 180 மீட்டர். புதுப் பின், புது பேட், காலிப்பர் கிரீஸ் போட்ட பிறகு 265 மீட்டர். செலவில்லாத சோதனை, இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டயர்

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பெனி அளவு 165/80 ஆர்14; முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம். ஜூலையில் போட்டது 185/70 ஆர்14. முதலில் கிலோமீட்டர் கணக்கே தவறுகிறதோ என்று பார்த்தேன்: பழைய டயரின் விட்டம் 620 மில்லிமீட்டர், புதியது 615. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம்தான், அதனால் நோட்டின் எண்களை நம்பலாம். அகல டயர் சாலையில் கூடுதலாக உராயும், எடையும் கூட. அதற்குமேல், கதவோரத்துத் தகட்டில் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்க, டயர்களில் இருந்தது 26, 27. போட்ட நாளில் பிடித்த காற்றோடு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறார். காற்றைச் சரி செய்தேன்.

ஹேண்ட்பிரேக் கேபிள், கிளட்ச் வழுக்கல், பெட்ரோல் கசிவு, ஆயிலின் தரம் ஆகியவற்றையும் பார்த்தேன். எதிலும் குறை இல்லை. பெட்ரோல் வாடை அடித்த ஆயிலை மட்டும் மாற்றினேன்.

திரும்பி வந்த எண்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து கொடுத்திருக்கலாம். டீச்சர்தான் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். "எது எவ்வளவு தின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும் தம்பி. கணக்கு வாத்தியார் நான், விடையை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டேன்" என்றார். எனக்கும் அதுவே விருப்பம். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இரண்டு முறை, அதே பங்க்கில், அதே குழாயில், தானாக நிற்கும்வரை நிரப்பி அளந்தார்.

வால்வும் கூலண்டும் ஃபேனும்: 13.1 இருந்தது 14.7. பிரேக் சரியான பிறகு 15.6. காற்றழுத்தம் சரியான பிறகு 16.0. ஏப்ரல் படி 1.6 கிலோமீட்டர் இறங்கியது; வால்வும் ஃபேனும் திருப்பிக் கொடுத்ததும் 1.6. வரைபடத் தாளை டீச்சர் முன்னால் விரித்து அதைக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

இன்னும் 1.2 கிலோமீட்டர் திரும்பவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். 0.6 எத்தனாலுக்கு, அதை என்னாலோ அவராலோ மாற்ற முடியாது. ஜூலைப் படியில் போன மீதி, அகல டயருக்கு. புது டயரைக் கழற்றி எறிந்து அந்த அரைக் கிலோமீட்டரைப் பிடிப்பது கட்டுப்படியாகாது. இவை தேய்ந்த பிறகு பழைய அளவுக்கே திரும்பினால் போதும். நோட்டின் பின் அட்டையில் 165/80 ஆர்14 என்று பெரிதாக எழுதி வட்டமிட்டுக்கொண்டார்.

டிசம்பரில் அவர் தெருவிலிருந்து இரண்டு வண்டிகள் என்னிடம் வந்தன. இரண்டும் அதே வெள்ளத்தில், அதே இரண்டு நாள் நின்றவை. ஒன்றில் வலது பின் டிரம் இறுகியிருந்தது. மற்றொன்றின் ரேடியேட்டருக்கு முன்னால் தாளைப் பிடித்தேன். அது நழுவி விழுந்தது.